குறையில்லாத விமானம்

சட்டைக் கம்பெனியில் அக்காவின் வரிசையில் தைத்து முடித்த எந்தச் சட்டையும் அவள் மேசையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். காலரின் இரண்டு முனையும் ஒரே நீளமா, பட்டன் ஓட்டை பிரிந்திருக்கிறதா, பையின் மூலை கோணலா, தையல் எங்கேயாவது தாவியிருக்கிறதா என்று இருபத்தாறு வருடமாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குறை இருந்தால் மேசையிலேயே சரிசெய்து கொள்ளலாம். இரண்டு இருந்தால் சட்டை தைத்தவரிடமே திரும்பிப் போகும். மூன்று இருந்தால் காலடியில் இருக்கும் சிவப்புப் பெட்டிக்குள் விழும். விழுந்தது விழுந்ததுதான். கம்பெனி போட்ட விதி அது. மற்ற செக்கர்கள் ஆள் பார்த்து முன்னே பின்னே விட்டுக்கொடுப்பார்கள். அக்காவிடம் அந்தப் பருப்பு வேகாது. அதனால் அவளுக்கு 'மூணு தப்பு' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் மூணு தப்பு. அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

படிப்பு எட்டாவதோடு நின்றது. கடல் கடந்து போன தம்பிதான் படித்தவன். அவனுக்கும் இவளுக்கும் பதினோரு வயது வித்தியாசம். பாலம் கட்டுகிற கம்பெனியில் அளவெடுக்கிற வேலை. "என் தம்பி அளந்து சொல்லாம அந்த ஊர்ல ஒரு தூண் எந்திரிக்காது" என்று அக்கா சொல்லாத ஆள் கம்பெனியில் இல்லை. பக்கத்து மேசையில் நூல் பிசிறு வெட்டுகிறவள், "அப்போ அவரு லீவு போட்டா பாலமெல்லாம் உக்காந்துக்குமா அக்கா?" என்று கேட்பாள். "உக்காரத்தான் செய்யும்" என்பாள் அக்கா, சட்டையிலிருந்து தலையைத் தூக்காமல்.

தம்பிக்கு இரண்டு பெண் குழந்தைகள். பெரியவளுக்கு ஏழு, சின்னவளுக்கு நாலு. இரண்டு பேரையும் அக்கா போனில்தான் பார்த்திருக்கிறாள். தொட்டதில்லை.

அந்த வருடம் மே மாதம் கண் டாக்டர் அவளை உட்கார வைத்துப் பேசினார். வலது கண்ணில் இரண்டு வருடமாகவே நடுவில் ஒரு சாம்பல் திட்டு. எதை நேராகப் பார்த்தாலும் அது அந்தத் திட்டுக்குள் போய்விடும். மேசையில் வேலை நடந்தது எல்லாம் இடது கண்ணால். இப்போது அதிலும் விழித்திரை காகிதம் மாதிரி மெலிந்துவிட்டது, சில குடும்பங்களில் இது வழிவழியாக வரும் என்றார் டாக்டர்.

"கிழியுமா?"

"கிழியலாம். பத்து வருஷம் தாங்கினாலும் தாங்கும். நாளைக்கே போனாலும் போகும். என்னால தேதி சொல்ல முடியாதும்மா."

"பிளேன்ல போகலாமா?"

"இப்போ தாராளமா போகலாம். யாரையாவது பார்க்கணும்னு இருந்தா தள்ளிப்போடாதீங்க."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் லிப்ட் மெக்கானிக். எதையும் அரைச் சிரிப்போடு கேட்கிற மனுஷன் அன்று சிரிக்கவில்லை. "தம்பிகிட்ட சொல்லிடு" என்றார்.

"சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லக்கூடாது. பரிதாபப்பட்டு அவன் என்னைக் கூப்பிட வேண்டாம்."

கூப்பிடச் சொல்லிக் கேட்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. ஜூன் முதல் வாரம் அவனே கூப்பிட்டான்.

"அக்கா, அக்டோபர் முழுக்க எனக்கு லீவு. ஆறு வருஷம் கெஞ்சி வாங்கினது. நீ கிளம்பி வா. ஏரி, மலை எல்லாம் சுத்துறோம். இதை விட்டா அடுத்த பாலம் ஆரம்பிச்சிரும், நாலு வருஷத்துக்கு அசைய முடியாது."

"டேய், நான் பஸ்ல போனாலே ஜன்னலோரம் கேக்கறவ."

"பிளேன்லயும் ஜன்னல் இருக்கு. எந்தக் கம்பெனி பிளேன்னு மட்டும் நீயே முடிவு பண்ணிச் சொல்லு. டிக்கெட்டை நான் இங்கிருந்து போட்டுடறேன்."

"நீயே ஏதாவது ஒண்ணு பார்த்துப் போடேன்."

"நான் போடறதா? போன தடவை ஒரு கைப்பை அனுப்பினேன். ஜிப்பு பக்கத்துல தையல் தாவியிருக்குன்னு போட்டோ எடுத்துத் திருப்பி அனுப்பினவ நீ. ஆளை விடு தாயே."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். கணவரைப் பார்த்து, "நீங்களும் வாங்களேன்" என்றாள்.

"நான் நாள் முழுக்க ஏறி இறங்குறவன்தான்" என்றார் அவர். "ஆனா மேல ஒரு கயிறு கட்டியிருக்கணும். கயிறே இல்லாத சமாசாரத்துல நான் ஏறமாட்டேன்."

ஆக, தனியாகத்தான் போக வேண்டும். இருபது மணி நேரத்துக்குக் குறையாத பயணம். நடுவில் ஒரு ஊரில் இறங்கி வேறு விமானத்தில் ஏற வேண்டும். பலகையில் ஓடுகிற எழுத்தை ஒற்றைக் கண்ணால் படித்து வழி கண்டுபிடிக்க வேண்டும். விளையாட்டாக முடிவு செய்கிற காரியம் இல்லை என்று அக்காவுக்குத் தோன்றியது. அதில் தப்பும் இல்லை.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மாடியில் ஒரு டிக்கெட் ஆபீஸ். இரண்டு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், மேசைமேல் ஒரு பொம்மை விமானம். அதன் ஒரு இறக்கை உடைந்து டேப் ஒட்டியிருந்தது. அக்கா உட்கார்ந்ததும் அதைத்தான் பார்த்தாள்.

"இதை முதல்ல உள்ள எடுத்து வைங்க."

"எதைம்மா?"

"இறக்கை உடைஞ்ச பிளேனை. இதைப் பார்த்துட்டு யாருக்கு ஏற மனசு வரும்?"

டிக்கெட்காரர் சிரித்துக்கொண்டே அதை டிராயருக்குள் தள்ளினார். தம்பி இருக்கும் ஊருக்கு ஐந்து கம்பெனிகள் போகின்றன என்று படம் காட்டி விளக்கினார். ஐந்தின் பெயரும் அக்காவின் வாயில் நுழையவில்லை. வால் நிறத்தை வைத்து அவளே பெயர் வைத்துக்கொண்டாள்: நீலவால், சிவப்புவால், பச்சைவால், வெள்ளைவால், வரிவால்.

"நீலவால்ல போங்கம்மா. வழியில மூணு மணி நேரம்தான் நிக்கணும். சக்கர நாற்காலி கேட்டா ஒருத்தர் கூடவே வந்து அடுத்த பிளேன்ல ஏத்தி விடுவார். உங்க தேதிக்கு ஜன்னல் சீட்டும் இருக்கு. போடச் சொல்லவா?"

அன்று ஜூன் பதினொன்று. அந்தத் தேதி பிறகு அக்காவுக்கு மறக்கவே இல்லை.

"பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். மொத்த நேரம், நடுவில் காத்திருக்கும் நேரம், பெட்டியின் எடை, சீட்டின் அகலம் என்று நான்கு கட்டம். ஐந்தாவதாக இன்னொரு கட்டம் போட்டு, அதற்கு மேல் 'குறை' என்று எழுதினாள். அந்தக் கட்டம்தான் மற்ற நாலையும் சேர்த்ததைவிட அகலம்.

விமானத்தில் போனவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுகிற இடம் ஒன்று இணையத்தில் இருந்தது. கணவரின் போனில் எழுத்தைப் பெரிதாக்கி, மூக்குக்குக் கிட்டே வைத்து, சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் படிக்க ஆரம்பித்தாள். சீட்டு சாயவே இல்லை என்று நீலவாலில் ஒருத்தர் எழுதியிருந்தார். பெட்டியின் சக்கரம் உடைந்து வந்தது என்று இன்னொருவர். தண்ணீர் கேட்டு முக்கால் மணி நேரம் ஆயிற்று என்று ஒரு அம்மா. மூன்று. ஸ்கேல் வைத்து நீலவாலைக் குறுக்கே அடித்தாள்.

சிவப்புவால் ஒரு வாரம் தாங்கியது. கழிவறைக் கதவு பூட்டவில்லை, ஊழியர் முகம் கொடுத்துப் பேசவில்லை, மூன்றாவதாக ஒருவரின் பெட்டி வேறு நாட்டுக்கே போய்விட்டது. அடித்தாள்.

கம்பெனியில் விஷயம் பரவிவிட்டது.

"என்ன அக்கா, எந்த வால் மேல இருக்கு இன்னிக்கு?" என்று நூல் வெட்டுகிறவள் கேட்டாள்.

"வெள்ளைவால். இதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான். காது அடைச்சுக்கிச்சாம்."

"அது காதோட தப்பு அக்கா, பிளேனோடது இல்லை. நீங்க பண்றதைப் பார்த்தா பிளேனைத் திருப்பிப் போட்டு உள்தையல் பார்ப்பீங்க போல."

ஜூலை மாதம் ஒருநாள் அதே நூல் வெட்டுகிறவள் ஒரு சட்டையை மடித்துக் கையில் மறைத்தபடி வந்தாள். யாரும் கவனிக்காத நேரம் பார்த்து மேசையில் விரித்தாள். காலரின் ஒரு முனை இன்னொன்றைவிட அரை விரல் நீளம். அக்காவின் முத்திரை குத்தியிருந்தது.

அக்கா அதைக் கையில் எடுத்து விரலால் தடவினாள். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்தது.

"இது எத்தனையாவது?"

நூல் வெட்டுகிறவள் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள்.

"கேக்கறேன்ல."

"இந்த வாரம் நாலு. நான் பார்த்துத் தனியா எடுத்து வச்சிட்டேன். யாருக்கும் தெரியாது அக்கா."

அன்று சாயங்காலம் அக்கா நோட்டில் ஆறு பக்கம் எழுதினாள். மேசையில் எத்தனை குறை தப்பியதோ, அத்தனையையும் விமானங்களில் பிடித்துவிட வேண்டும் என்பதுபோல எழுதினாள். வெள்ளைவால் அன்றைக்கே அடிபட்டது.

ஜூலைக் கடைசியில் மறுபடி டிக்கெட் ஆபீசுக்குப் போனாள். நோட்டைத் திறந்து காட்டினாள். டிக்கெட்காரர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இவ்வளவு நேரான கோடுகளை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"அம்மா, நான் ஒண்ணு கேக்கலாமா? நீங்க பஸ்ல இறங்கி வீட்டுக்கு நல்லபடியா போய்ச் சேர்ந்தா, 'இன்னிக்கு ஒரு குறையும் இல்லை'ன்னு யாருக்காவது கடுதாசி போடுவீங்களா?"

"எதுக்குப் போடணும்?"

"அதான்மா. வயித்தெரிச்சல் பட்டவன்தான் உக்காந்து எழுதுவான். ஒரு பிளேன்ல முந்நூறு பேர் போறாங்க. எழுதறவன் ஒருத்தன்."

அக்கா யோசித்தாள். அவர் சொன்னது புரிந்தது. ஆனால் கைக்குப் புரியவில்லை. நல்ல சட்டை எத்தனை போயிற்று என்று அவளை யாரும் இதுவரை கேட்டதில்லை. விட்ட குறை எத்தனை என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

"இன்னும் ரெண்டு வால் இருக்கு. அதையும் பார்த்துடறேன்" என்று எழுந்தாள்.

"சீட்டு குறைஞ்சுகிட்டே வருதும்மா."

ஆகஸ்ட் நடுவில் தம்பி கூப்பிட்டான். குரலில் பழைய குதூகலம் இல்லை.

"அக்கா, ரெண்டு மாசமாச்சு. என்னதான் முடிவு பண்ணியிருக்கே?"

"வரிவால்ல மூணு பேர் கனெக்‌ஷன் விட்டுட்டாங்களாம்டா. பச்சைவால் தேவலை. ரெண்டுதான்."

"அந்தப் பச்சையையே போட்டுடவா?"

"திங்கட்கிழமை சொல்றேன். புதுசா யாராவது எழுதியிருக்காங்களான்னு பார்த்துக்கறேன்."

"அக்கா... நீ வர்றேதானே? இல்லேன்னா சொல்லிடு. என் பொண்டாட்டி அவ அம்மாவைப் பார்த்து ஒன்பது வருஷம் ஆகுது. அவங்க இருக்கறது வேற நாடு, வேற பக்கம். நீ வர்றேன்னுதான் வாயை மூடிக்கிட்டு இருக்கா."

"வராம எங்கடா போறேன்? திங்கட்கிழமை."

பக்கத்தில் உட்கார்ந்து ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர், போனை வைத்ததும் அவளைப் பார்த்தார். "ஏம்மா, பச்சைன்னு சொல்லித் தொலைச்சா என்ன? நீ பிளேனை வாங்கவா போறே? ஏறி இறங்கத்தானே போறே."

"உங்களுக்கென்ன, ஏறப்போறது நான்தானே" என்றாள். அவர் மறுபடி ஸ்குரூ டிரைவரைத் துடைக்க ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளைச் சட்டைகள் வந்தன. முதல் சட்டையை விரித்ததும் அக்காவுக்குக் கோபம் வந்தது. மார்பு முழுக்கக் கறுப்பு நூல் பிசிறு. சின்னச் சின்னதாக, சுருள் சுருளாக. விரலால் எடுத்துப் பார்த்தாள், ஒட்டிக்கொண்டு வரவில்லை. இரண்டாவது சட்டையிலும் அதே. மூன்றாவதிலும்.

"ஏய், இங்க வா. இதுக்குப் பேர் பிசிறு வெட்டுறதா? கறுப்பு நூலை யார் வெள்ளைச் சட்டை மேல கொட்டினது?"

நூல் வெட்டுகிறவள் வந்து பார்த்தாள். சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லையே அக்கா."

"உனக்கென்ன கண்ணு தெரியலையா?"

அவள் வாயைத் திறந்தாள். எதையோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டாள். அவளும் ஒரு வகையில் தப்புச் செய்தாள். காலரைக் காட்டியதற்கு இந்த அக்கா இப்படிப் பழி தீர்க்கிறாள் என்று நினைத்து, முகத்தைத் தூக்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

அந்த மதியம் பதினேழு வெள்ளைச் சட்டைகள் சிவப்புப் பெட்டிக்குள் போயின. ஒன்றிலும் ஒரு பிசிறும் இல்லை. பிசிறு இருந்தது அக்காவின் கண்ணுக்குள். விழித்திரை கிழிய ஆரம்பித்தால் முதலில் அப்படித்தான் தெரியுமாம். கறுப்புப் பொடியாக, நூலாக மிதக்குமாம். வேறு யாராக இருந்தாலும் கண்ணைக் கசக்கியிருப்பார்கள். பயந்திருப்பார்கள். இருபத்தாறு வருடம் பிசிறு பார்த்தவளுக்கு அது பிசிறாகத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை கண்ணுக்குக் கீழிருந்து ஒரு திரை எழும்பியிருந்தது. மதியத்துக்குள் பாதியை மூடியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கருவியை அவள் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து வெகுநேரம் பார்த்தார்.

"பொட்டு பொட்டா எப்போ தெரிஞ்சுது?"

"நேத்து மதியம்."

"உடனே வந்திருக்கலாமேம்மா."

சனிக்கிழமை அறுவை சிகிச்சை. கண்ணுக்குள் வாயுவை அடைத்தார்கள். அது உள்ளே இருந்து விழித்திரையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்குமாம். அதற்காகப் பத்து நாள் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும். வாயு தானாகக் கரையும்வரை, இரண்டு மாதமாவது, விமானத்தில் கால் வைக்கக்கூடாது. மேலே போனால் வாயு பெருத்துக் கண்ணே போய்விடும்.

கணவர்தான் கேட்டார். "கரைஞ்சப்புறம் பார்வை?"

"கிட்டக்க கை விரலை எண்ணலாம். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

திங்கட்கிழமை தம்பி கூப்பிட்டபோது அக்கா கட்டில் விளிம்பில் முகத்தை வெளியே நீட்டிக் குப்புறக் கிடந்தாள். நெற்றிக்கு ஒரு சுருட்டிய துண்டு. கணவர் போனைத் தரையில், அவள் முகத்துக்கு நேர் கீழே வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"மாமா சொன்னார்க்கா. கண்ணுல ஏதோ சின்ன ஆபரேஷனாமே?"

"சின்னதுதான். ஆனா ரெண்டு மாசம் பிளேன்ல ஏறக்கூடாதாம்."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"லீவைத் தள்ளிப்போடக் கேட்டுப் பார்க்கட்டுமா?"

"தர மாட்டாங்கன்னு நீதானே சொன்னே."

"தர மாட்டாங்க" என்றான். பிறகு, "நான் வேணா அங்க வரட்டுமாக்கா?"

கணவர் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் குடும்பத்தோடு ஓடி வந்துவிடுவான். வந்து என்ன? குழந்தைகளை இவள் முன்னால் நிறுத்துவான். இவள் அவர்களின் விரலை எண்ணிக் காட்டுவாள்.

"வேண்டாம்டா. உன் பொண்டாட்டி ஒன்பது வருஷமா காத்துக்கிட்டிருக்கா. அவ அம்மாவைப் போய்ப் பாருங்க."

தம்பியின் மனைவி போனுக்கு வந்தாள். "அண்ணி, நீங்க மனசுல எதுவும் வச்சுக்காதீங்க. அடுத்த தடவை கண்டிப்பா..."

"வச்சுக்க என்ன இருக்கு? போயிட்டு வாங்கம்மா."

தம்பி மறுபடி வந்தான். "அந்த ஊருக்கும் உன் அஞ்சு வால்ல மூணு போகுதுக்கா. நீதான் எல்லாத்தையும் அலசி வச்சிருக்கியே. எதுல போகட்டும்?"

அக்காவின் மூச்சுக்காற்று கீழே போனின் கண்ணாடியில் படிந்து மறைந்தது.

"எதுல சீட்டு இருக்கோ அதுல போ. இன்னிக்கே போடு. நாளைக்குன்னு வைக்காதே."

"என்னக்கா, நீயா பேசறே?"

"போடுடா."

டக் டக்கென்று அவன் எதையோ தட்டுவது கேட்டது. குழந்தைகள் பின்னால் கத்திக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. "ஆச்சுக்கா. நாலு சீட்டும் பக்கத்துல பக்கத்துல கிடைச்சிருச்சு" என்றான்.

பெரியவள் போனைப் பிடுங்கினாள். "அத்தை, எனக்குப் பல் விழுந்திருச்சு! கேமரா போடறேன், பாருங்க!"

தரையில் வெளிச்சம் வந்தது. வலது கண்ணின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. நேராகப் பார்க்கப் போனால் அதுவும் சாம்பலுக்குள் போயிற்று. இடது கண்ணில் கட்டு.

"எந்தப் பல்லு சொல்லுங்க பார்க்கலாம்!"

கணவர் ஸ்டூலை விட்டு இறங்கி, கட்டிலுக்கு அடியில் தலையை நீட்டிப் பார்த்தார். அவள் காதுக்குக் கிட்டே வந்து மெல்லச் சொன்னார்.

"மேல, முன்னாடி, இடது பக்கம்" என்றாள் அக்கா.

"கரெக்ட்!" என்று குதித்தது குழந்தை. சின்னவளும் நடுவில் புகுந்து வாயைத் திறந்து காட்டியிருக்க வேண்டும். "இவளுக்கு எதுவும் விழலை அத்தை, சும்மா காட்டறா" என்று பெரியவள் கோள் சொன்னாள். சிரிப்பு கேட்டது. பிறகு போன் அணைந்தது.

கணவர் அதை எடுத்து வைத்துவிட்டு, துண்டை மாற்றிச் சுருட்டி அவள் நெற்றிக்குக் கொடுத்தார்.

"ஏங்க, சின்னவ கண்ணாடி ஏதும் போட்டிருக்காளா?"

"இல்லை."

"போனைக் கிட்டக்க பிடிச்சுப் பார்க்கறாளா?"

"இல்லம்மா. தள்ளி வச்சுத்தான் பார்க்கறா."

"நல்லா பார்த்தீங்களா?"

"நல்லா பார்த்தேன்" என்றார் அவர்.